சின்னச் சரக்கு வேன்: பெட்ரோலா, டீசலா?

லிட்டருக்கு அதிகம் ஓடுவது டீசல் வேன்தான், அதில் சண்டையே இல்லை. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் எரிசக்தி இருக்கிறது; டீசல் என்ஜினில் காற்றை நெருக்கும் அளவான அழுத்த விகிதமும் அதிகம். நெடுஞ்சாலையில் சுமையோடு சீராகப் போகிறவர் டீசலை எடுக்கலாம். அந்தப் பக்கத்தை இத்தோடு விடுகிறேன்.

கடை கடையாக நின்று சரக்கு இறக்கும் வேனுக்கு நான் எடுத்தது பெட்ரோல். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காரணம், புதிய டீசல் வேன்களில் இருக்கும் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி.

புகைக்குழாயில் உட்கார்ந்து கரியைப் பிடித்து வைப்பது இதன் வேலை. நிறைந்தால் அந்தக் கரியை எரித்தாக வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. பெரும்பாலான சிறிய வேன்களில், அந்தச் சூட்டுக்காக இன்ஜெக்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். அந்த டீசலால் வண்டி ஒரு அடிகூட நகராது. இடைவிடாத ஓட்டம் கிடைத்தால் எரிப்பு ஒழுங்காக முடியும். மூன்று கிலோமீட்டர் போய் என்ஜினை அணைத்தால் பாதியில் நின்று, பிறகு மறுபடி தொடங்கும். ஒரே கரிக்கு இரண்டு மூன்று தரம் டீசல் செலவு.

எரிப்பு நடப்பதை ஓட்டுபவரே கண்டுபிடிக்கலாம். நிற்கும்போது ஐடிலிங், அதாவது என்ஜின் சும்மா சுற்றும் வேகம், சற்று ஏறியிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் சுற்றும், திரையில் அந்த நேர மைலேஜ் திடீரெனச் சரியும். அப்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள்.

எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே என்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியை இழுத்துப் பாருங்கள்: ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால், ஆயில் நீர்த்துவிட்டது. கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் வடிகட்டி அடைத்து, புகை வெளியேற முடியாமல் மைலேஜ் இன்னும் இறங்கும். கடைசியில் என்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இப்போது கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, நீண்ட ஓட்டத்தில் லிட்டருக்குப் பெட்ரோல் 15, டீசல் 20 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். 15,000 கிலோமீட்டருக்கு 1,000 லிட்டர், 750 லிட்டர், மிச்சம் 250. குட்டி ட்ரிப்புகளில் அதுவே 12, 14 என்று நெருங்கினால் மிச்சம் 180 லிட்டருக்குக் கீழே வந்துவிடும். முன்கூட்டியே மாற்றும் ஆயிலும் வடிகட்டிப் பராமரிப்பும் அதற்குள் அடங்க வேண்டும்.

பெட்ரோலுக்கும் குறை உண்டு. என்ஜின் சூடாகும்வரை அதிகம் குடிக்கும். சிறிய டர்போ என்ஜின் முழுச் சுமையோடு மேடு ஏறினால் மைலேஜ் மளமளவென்று இறங்கும். மலைப்பாதையில் தினமும் சுமை ஏற்றுகிறவருக்கு என் தீர்ப்பை அப்படியே சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

கம்பெனி சொல்லும் மைலேஜ் எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். ஐரோப்பாவில் மைலேஜை அளந்த பழைய என்இடிசி சோதனை 11 கிலோமீட்டர், 20 நிமிடம். அதற்குப் பதிலாக 2017இல் அங்கே வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 23 கிலோமீட்டர், 30 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து இறக்கும் வேலை இரண்டிலுமே கிடையாது. ஒரே பம்பில், நாசில் முதல் தடவை 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, குறைந்தது மூன்று டேங்க் ஓட்டிக் கணக்கிடுங்கள். டீசலில் ஒரே டேங்கை நம்ப முடியாது. கரி எரிப்பு அதில் விழுந்ததா, அடுத்ததில் விழுந்ததா என்பதைப் பொறுத்து எண் மாறும். டயர் காற்றையும் பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால், சுமை ஏற்றும் நாளில் அதையே வையுங்கள்.

ஏற்கெனவே டீசல் வைத்துக்கொண்டு குட்டி ட்ரிப் ஓட்டுகிறவர்கள், வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அந்த ஓட்டத்துக்கான டீசலையும் மைலேஜ் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.