விரல் நுனியா, மேற்கையா? அம்மாவின் சீனியை எதைக் கொண்டு அளப்பது?

நீரிழிவுள்ள அம்மாவின் கிளினிக் கொப்பியில் இரண்டு வருடமாக ஒரே மாதிரியான எண்கள்: வெறும் வயிற்றில் 118, 124, 121. பார்த்தவர்கள் எல்லோரும் சீனி அடங்கித்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை எடுத்தோம். 8.6 சதவீதம் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது 7க்குக் கீழே இருக்க வேண்டும்.

கிளினிக் நாள் என்றால், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். தேநீர்கூடக் குடிக்காமல் விடியற்காலையில் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும். வைத்தியர் ஏசுவாரே என்ற பயத்தில் முதல் நாள் இரவே சோற்றைப் பாதியாக்கிவிடுவார். அந்த இலவசச் சோதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன்; மாத்திரையும் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் அது காட்டுவது மாதத்தில் ஒரே ஒரு காலையை.

எச்பிஏ1சியிடம் ஒரு நாள் பட்டினி எடுபடாது. சிவப்பணுக்களில் ஒட்டிய குளுக்கோஸை அளப்பதால் ஏறக்குறைய மூன்று மாதக் கதை அதில் தெரியும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அது சரியாகவே இருந்தது. அப்படியானால் சீனி ஏறுவது எப்போது? அதை எச்பிஏ1சி சொல்லாது.

அதற்காகத்தான், 14 நாள் தொடர்ந்து சீனியை அளந்து தொலைபேசியில் காட்டும் சென்சர் ஒன்றை வாங்கினோம். மேற்கையின் பின்புறம் ஒட்டும் ஒரு வில்லை. அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பி தோலுக்கடியில் நிற்கும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையே உள்ள நீரை. அதனால் சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிந்தியே காட்டும்.

மூன்றாம் நாளே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. நாங்கள் சோற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் காலை ஆறரைக்குச் சாப்பிடும் இரண்டு கோதுமை மா ரொட்டியும், உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே குடிக்கும் சாயத் தேநீருமாகச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 238க்குக் கொண்டுபோயின. மறுநாள் ஒரு ரொட்டி, பருப்பு, வல்லாரைச் சம்பல், சீனியில்லாத் தேநீர். 172க்கு மேல் போகவில்லை. மேட்டு மலையில் கொழுந்து எடுத்த நாட்களில் கோடு சீக்கிரமே இறங்கியது. வேலையில்லாத ஞாயிறு அன்று பத்து மணி வரை இறங்க மறுத்தது. அம்மா தொலைபேசித் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் சீனிப் போத்தலைத் தானே மேல் தட்டுக்கு ஏற்றினார். நான் வருடக்கணக்காகச் சொல்லியும் நடக்காதது அது.

அதற்காகச் சென்சர் சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாது. ஓர் இரவு இரண்டு மணிக்கு 58 என்றது. பதறிப்போய் விரலில் குத்திப் பார்த்தேன்: 106. ஒட்டிய கையின் மேலேயே அம்மா புரண்டு படுத்திருந்தார். அழுத்தம் பட்டால் இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மழையிலும் வியர்வையிலும் ஓரம் கிளம்பியதால் மேலே பிளாஸ்டர் ஒட்ட வேண்டியிருந்தது. விலையோ அம்மாவின் பல நாள் பேர்.

ஆகவே அன்றாடத்துக்கு, விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்தான் என் தேர்வு. ஆனால் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதற்கு அல்ல. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் மதியம், பிறகு இரவு. முன்னது 80 முதல் 130 வரையிலும், பின்னது 180க்குக் கீழேயும் இருப்பது பொதுவான இலக்கு. கொழுந்துக் கறையேறிக் காய்த்துப்போன விரலில் இரத்தம் எளிதில் வராது. வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். கழுவுவதைத் தவிர்க்காதீர்கள்: வாழைப்பழம் உரித்த கையில் குத்தினால் பழத்தின் சீனியும் கணக்கில் சேரும். எங்கள் பக்கத்து மூடுபனிக்கும் ஈரத்துக்கும் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் கெட்டுவிடும் என்பதால் எடுத்த கையோடு டப்பாவை மூட வேண்டும்.

அம்மாவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும்தான்; தனியாக எடுக்கும்போது அது சீனியை ஆபத்தாக இறக்குவது அரிது. அதனால் ஒரு சென்சர் போதுமாயிருந்தது. உணவை மாற்றினாலோ, மருந்து மாறினாலோ இன்னொன்று ஒட்டிப் பார்க்கலாம்.

மாமாவின் கதை வேறு. அவர் இன்சுலின் போடுகிறார், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. போன மாதம் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி நின்றபோது மீட்டரில் 49. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இறங்கும்போதே அலாரம் அடிக்கும் சென்சர் அவருக்கு ஆடம்பரம் அல்ல. தைப்பொங்கலுக்கு உடுப்பு வாங்க வைத்திருந்த பணத்தில் முதல் இரண்டை எடுத்துவிட்டோம். மூன்றாவதற்குச் சீட்டுப் போட்டிருக்கிறோம்.