சீலண்ட் போட்ட பல்லிலேயே சொத்தை: பெற்றோர் கவனத்துக்கு

என் மகளுக்கு 7 வயதில் நான்கு கடைவாய்ப்பற்களுக்கும் சீலண்ட் போட்டோம். சொத்தை வராமல் இருக்க மெல்லும் பரப்பின் பள்ளங்களை மூடும் பூச்சு அது. 9 வயதில் அதில் இரண்டு சொத்தை. ஒன்று நரம்பை நெருங்கிவிட்டது. இவை பால்பற்கள் இல்லை. 6 வயது வாக்கில் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைக்கிற நிரந்தரப் பற்கள். போனால் மறுபடி முளைக்காது.

சீலண்டைக் குறை சொல்லவில்லை. சரியாகப் போட்டால் 2 வருடம் வரை கடைவாய்ப்பல் சொத்தையில் 80 சதவீதத்தைத் தடுக்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. எங்களுக்குச் சரியாகப் போடவில்லை, அதுதான் என் வருத்தம்.

அன்று நான்கு பல்லும் பத்தே நிமிடத்தில் முடிந்தது. குழந்தை அழவில்லை என்று சந்தோஷப்பட்டேன். இப்போது பார்க்கிற டாக்டர் விளக்கிய பிறகுதான் எங்கே தப்பு என்று புரிந்தது. முதலில் அமில ஜெல் தடவி, கழுவி, காற்றடித்துக் காய வைக்க வேண்டும். அப்போது பல் சுண்ணாம்பு போல வெளுக்கும். சீலண்ட் பிடிப்பது அந்த வெளுத்த பரப்பில்தான். நடுவில் எச்சில் பட்டால் மறுபடி ஜெல்லிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் சீக்கிரம் பெயர்ந்துவிடும். என் மகள் நாக்கால் பஞ்சைத் தள்ளித் தள்ளி எச்சில் விழுங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உதவிக்கு ஆள் இல்லை, பஞ்சை மாற்றவும் இல்லை. அன்றைய டாக்டர் அப்படியே சீலண்ட் மருந்தை வைத்து, அதை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டிவிட்டார்.

அதைவிட என்னால் ஆறவே முடியாதது, பிறகு நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூட்டிக்கொண்டு போனேன். ஒருதடவைகூட சீலண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. நானே கேட்டதற்கு, "அதான் போட்டாச்சே, ஒண்ணும் ஆகாது" என்றார். உண்மையில் ஒரு பல்லில் பாதி உடைந்து, மீதியின் விளிம்புக்கு அடியில் சொத்தை பிடித்திருந்தது. இன்னொன்றில் சுத்தமாகவே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது, "குழந்தை ஒழுங்கா பல் தேய்க்கல" என்று பழியை அவள் மேல் போட்டார். இரண்டு பல்லுக்கு இடையில் வந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன், சீலண்ட் அங்கே காக்காது. ஆனால் சொத்தை வந்தது மெல்லும் பரப்பின் பள்ளத்தில். அவர் மூடியதாகச் சொன்ன அதே இடம்!

போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பல் வெளுத்ததா என்று கேளுங்கள். குழந்தை வாயைத் திறந்து வைக்க முடியாமல் தவித்தால், கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் வகை போடலாமா என்று கேளுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் நான்கையும் கருவியால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்ந்திருந்தால் உடனே திரும்பப் போட்டுவிடலாம்.

சொத்தை இரண்டையும் அடைத்தாயிற்று. மற்ற இரண்டிலும் சீலண்ட் தேய்ந்து போயிருந்தது, நல்லவேளை சொத்தை இல்லை. போன வாரம் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி அவற்றுக்குப் புதிதாகப் போட்டார்கள். பல் வெள்ளை வெளேரென்று ஆனதை டாக்டர் கண்ணாடியில் எனக்கும் காட்டிவிட்டுத்தான் மருந்தை வைத்தார்.