வைட்டல் சின்த்: நீண்ட காலம் புழங்கிய பிறகு

ஹவுஸ், டிரான்ஸ் என்று டான்ஸ் மியூசிக் பக்கம் வருகிறவர்களின் கணினியில் சீக்கிரமே ப்ளகின்கள் (இசை மென்பொருளுக்குள் ஏற்றும் துணைக் கருவிகள்) குவிந்துவிடும். ஒன்றிலாவது கை பழகியிருக்காது. இந்த இசைக்கு உண்மையில் வேண்டியவை ஒலியை உருவாக்க ஒரு நல்ல சின்த், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்க ஒரு ஈக்யூ, சத்த ஏற்றத்தாழ்வைக் கட்டுக்குள் வைக்க ஒரு கம்ப்ரஸர், அறையின் எதிரொலியைச் சேர்க்க ஒரு ரிவெர்ப், ஒலியைக் கண்ணால் பார்க்க ஒரு மீட்டர். இதில் சின்த்தின் இடத்தை வைட்டல் எவ்வளவு தாங்குகிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

மாட் டைட்டல் எழுதிய வைட்டல் 2020 நவம்பரில் வந்தது. இலவசப் பதிப்புக்கும் கட்டணப் பதிப்புக்கும் ஒலியின் தரத்தில் வேறுபாடு இல்லை. கூடக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கூடுதல் ப்ரீசெட்டுகளும் (ஆயத்த ஒலி அமைப்புகள்) வேவ்டேபிள்களும்தான் (மூல அலைவடிவத் தொகுப்புகள்). அலையை உண்டாக்கும் மூன்று ஆஸிலேட்டர், பதிவு ஒலியை இசைக்கும் ஒரு சாம்ப்ளர், அதிர்வெண்களை வடிகட்டும் இரண்டு ஃபில்டர், ஒன்பது எஃபெக்ட் எல்லாமே இலவசத்திலேயே திறந்திருக்கின்றன. எந்த எல்எஃப்ஓ (அமைப்புகளைத் தானாக ஏற்றி இறக்கும் மெதுவான அலை) எந்தக் குமிழை ஆட்டுகிறது என்பது திரையில் நேரலையாக ஓடும். சின்த்தசிஸ் கற்க வருபவருக்கு இதைவிடத் தெளிவான ஆசிரியர் கிடைப்பது அரிது.

2014-இல் வந்த எக்ஸ்ஃபர் நிறுவனத்தின் சீரம்தான் இதற்கு நேர்ப் போட்டி. சீரம் வாங்க உருப்படியான காரணம் ஒன்று உண்டு: சந்தையில் விற்கும் ப்ரீசெட் தொகுப்புகளிலும் பாடக் காணொளிகளிலும் பெரும்பகுதி சீரத்துக்கானவை. அந்த ப்ரீசெட்டுகள் வைட்டலில் திறக்காது. வேவ்டேபிள் கோப்புகளை மட்டும் கொண்டுவரலாம். சொந்தமாக ஒலி செய்யப் பழகுகிறவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

முதல் பெரிய சிக்கல் பாஸில், அதாவது தாழ்ந்த அடி ஒலியில், வரும். ஒரே நோட்டை நான்கு முறை வாசித்தால் ஒன்று கனமாகவும் அடுத்தது மெலிந்தும் கேட்கும். பலர் உடனே கம்ப்ரஸரைத் தேடுவார்கள். ஆனால் கோளாறு ஆஸிலேட்டரின் ஃபேஸில், அதாவது அலை எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதில், இருக்கிறது. ஒவ்வொரு நோட்டும் அலையின் வேறு வேறு புள்ளியில் தொடங்கும்படி ஃபேஸ் ரேண்டம் முழுதாகத் திறந்திருக்கும். லீடுக்கு (முன்னணி மெட்டு ஒலிக்கு) அது அழகு. இரண்டு ஆஸிலேட்டரை அடுக்கிய பாஸில், ஒரு நோட்டில் அலைகள் கூடும், அடுத்ததில் ஒன்றையொன்று தின்னும். ஃபேஸ் ரேண்டத்தை 0 ஆக்குங்கள், யூனிசனை (ஒரே நோட்டுக்கு அடுக்கும் அலைகளின் எண்ணிக்கை) 1-இல் வையுங்கள், வாய்ஸ் எண்ணிக்கையையும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகள்) 1 ஆக்குங்கள். அட்டாக்கை (ஒலி முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரம்) 2 முதல் 5 மில்லி செகண்டுக்குள் வைத்தால் நோட்டின் தொடக்கத்தில் வரும் 'டிக்' சத்தமும் போய்விடும். சீரத்திலும் இதே கோளாறு, இதே மருந்து.

டிரான்ஸ் லீடுகளில் கேட்கும் அகன்ற சூப்பர்ஸா ஒலியின் வேர் 1996-இல் ரோலண்ட் வெளியிட்ட ஜேபி-8000. ஏழு ரம்பப்பல் அலைகளைச் சற்றே சுதி விலக்கி ஒன்றாக ஒலிக்கவிட்டது அது. வைட்டலில் அதைக் கட்ட: முதல் ஆஸிலேட்டரில் ஸா வேவ் (ரம்பப்பல் அலை), யூனிசன் 7, டீட்யூன் (சுதி விலகல்) 20 சதவீதம் அளவில். இரண்டாவதிலும் ஸா வேவ், ஒரு ஆக்டேவ் மேலே, யூனிசன் 5, அளவு பாதிக்கும் கீழே. இரண்டையும் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் 24 டிபி லோபாஸ் ஃபில்டருக்கு அனுப்பி, இரண்டாம் என்வலப்பை (நோட்டின் போக்கில் ஓர் அமைப்பை ஏற்றி இறக்கும் வளைகோடு) ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடமான கட்டாஃபில் இழுத்து விடுங்கள். அதன் டீகே (இறங்க எடுக்கும் நேரம்) 300 முதல் 400 மில்லி செகண்ட். டீட்யூனை அதிகமாக்கினால் தனியாகக் கேட்கும்போது பிரமாண்டமாக இருக்கும், கார்டில் (பல நோட்டுகளைச் சேர்த்து) வாசித்தால் சுதி கலங்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி, மோனோவில் ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. கிளப்புகளின் ஒலியமைப்பு பல இடங்களில் மோனோதான், ஸ்டீரியோ அகலத்தை மட்டும் நம்பிய லீட் அங்கே காணாமல் போய்விடும்.

பிராசஸர் திணறுவதற்கும் யூனிசன்தான் முதல் காரணம். மூன்று ஆஸிலேட்டரிலும் யூனிசன் 16 வைத்து நான்கு நோட் கார்ட் பிடித்தால் 3 × 16 × 4, அதாவது ஒரே நேரத்தில் 192 அலைகள். மேலே சொன்ன சூப்பர்ஸாவில் (7 + 5) × 4, அதாவது 48 மட்டுமே. காதுக்கு வித்தியாசம் சொற்பம், கணினிக்கு நான்கு மடங்கு. அட்வான்ஸ்ட் பக்கத்தில் உள்ள ஓவர்சாம்பிளிங்கை (ஒலியை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் அமைப்பு) வேலை நடக்கும்போது குறைத்துவிட்டு, இறுதியாகப் பாட்டைக் கோப்பாக ரெண்டர் செய்யும்போது ஏற்றிக்கொள்ளலாம். வைட்டலின் ஜன்னல் கிராஃபிக்ஸ் சிப்பையும் பிடித்துக்கொள்ளும். பழைய மடிக்கணினியில் ஜன்னலை மூடினாலே மூச்சு வரும்.

பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒலிகளில் வேறொரு வலி. ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி அடங்கும் நேரம்) மூன்று நான்கு செகண்ட் நீண்டு, வாய்ஸ் எண்ணிக்கை 8-இல் இருந்தால், ஐந்து நோட் கார்டுகள் இரண்டு தொடர்ந்து வந்ததுமே பழைய நோட்டின் வால் வெட்டுப்படும். எஃபெக்ட்டைக் குறை சொல்லாமல் வாய்ஸை 16-க்கு ஏற்றுங்கள்.

அடுத்து ஓடிடி (OTT) என்ற ப்ளகின். எக்ஸ்ஃபர் இலவசமாகத் தரும் இந்த மல்ட்டிபேண்ட் கம்ப்ரஸர் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே கையாளும் கம்ப்ரஸர்), ஏபிள்டன் லைவ் இசை மென்பொருளில் இருந்த ஒரு ப்ரீசெட்டிலிருந்து பிறந்தது. சத்தமானதை அமுக்கும், மெல்லியதை மேலே தூக்கும். போட்டவுடன் எல்லாம் பளிச்சென்று கேட்பதில் பாதி வெறும் சத்தக் கூடுதல். அவுட்புட்டைக் குறைத்து, ப்ளகின் இல்லாத நிலையோடு ஒரே அளவில் வைத்து ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள். டெப்த் (விளைவின் அளவு) 15 முதல் 30 சதவீதம் பெரும்பாலான லீடுகளுக்குப் போதும். ரிவெர்புக்குப் பின்னால் போட்டால் ரிவெர்பின் வாலையும் இரைச்சலையும் தூக்கிக் கொடுத்து ஒலியைச் சேறாக்கும். முன்னால்தான் போட வேண்டும். வைட்டலின் உள்ளேயே இருக்கும் கம்ப்ரஸரும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்வதால் இரண்டையும் அடுக்க வேண்டாம்.

கிக் டிரம் விழும்போது மற்றவை ஒதுங்குவதற்கு, கிக்கின் சத்தத்தைக் கேட்டு மற்றதை அமுக்கும் கம்ப்ரஸர் சைட்செயினைவிட வால்யூமை வளைகோடாக வரைந்து தாழ்த்தும் ப்ளகின் நம்பகமானது. கிக்கின் அளவு மாறினாலும் தாழ்வு மாறாது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) ஒரு பீட் 468.75 மில்லி செகண்ட். கிக்கின் வால் 180 மில்லி செகண்ட் ஓடினால், பாஸ் முழு அளவுக்குத் திரும்புவதும் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். முன்னதாகத் திரும்பினால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் முட்டி கிக்கின் அடி மழுங்கும். இந்தத் தாழ்த்தலை வைட்டலுக்குள் ஆஸிலேட்டர் அளவில் எல்எஃப்ஓ கொண்டு செய்தால், அதற்குப் பின் வரும் டிலேயும் ரிவெர்பும் தாழாமல் நிற்கும். ஆகவே டிராக்கின் கடைசியில் போடுவதே சரி.

மீட்டருக்கு வாக்ஸெங்கோவின் இலவச ஸ்பான் போதும். ஆனால் அதன் பிளாக் அளவு (ஒரு தடவைக்கு எடுத்து அலசும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 2048-இல் இருந்தால், 44,100 சாம்பிள் ரேட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடைவெளி 21.5 ஹெர்ட்ஸ். 44-இல் கிக்கும் 55-இல் பாஸும் இருந்தால் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். 8192-க்கு மாற்றினால் இடைவெளி 5.4 ஹெர்ட்ஸாகிவிடும். ஈக்யூவுக்கு டோக்யோ டானின் நோவா இலவசம், ஒலியின் அளவுக்கேற்ப மாறும் டைனமிக் ஈக்யூவாகவும் வேலை செய்யும். ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூ வேலையை வேகமாக்குகிறது, அந்த வேகம் பணத்துக்குத் தகும். ஆனால் எந்த ஈக்யூவிலும் கிக்குக்கு லீனியர் ஃபேஸ் முறை (அதிர்வெண்களின் நேர ஒழுங்கைக் குலைக்காத முறை) வேண்டாம். அடிக்கு முன்பே ஒரு மங்கலான முன்னதிர்வு வரும், தாமதமும் கூடும். ரிவெர்புக்கு வல்ஹல்லாவின் இலவச சூப்பர்மாசிவ் விரிந்த வால்களுக்கு அருமை, சின்ன அறை ஒலிக்கு உதவாது. சென்டில் (பல டிராக்குகள் பகிரும் தனிப் பாதையில்) போடும்போது மிக்ஸ் 100 சதவீதத்தில் இருக்கட்டும்.

எஃப்எல் ஸ்டுடியோ இசை மென்பொருளில் சில ப்ளகின்கள் காரணமில்லாமல் படபடக்கும். அந்த ப்ளகின் ஜன்னலின் ராப்பர் அமைப்பில் ஃபிக்ஸ்ட் சைஸ் பஃபரை இயக்கினால் பெரும்பாலும் அடங்கும். கீபோர்டில் வாசித்துப் பதியும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள்கள்) 128, அதாவது சுமார் 3 மில்லி செகண்ட். மிக்ஸ் செய்யும்போது 1024. இடையில் மாற்ற மறப்பதால்தான் 'இந்த ப்ளகின் கனமானது' என்ற பழி பலவற்றின் மேல் விழுகிறது.

ஆண்டுகள் கடந்தால் வேறொரு தொல்லை. விஎஸ்டி2 என்ற ப்ளகின் வடிவத்துக்குப் புதிய உரிமம் தருவதை ஸ்டைன்பெர்க் 2018-இல் நிறுத்திவிட்டது. பழைய ப்ராஜெக்டில் விஎஸ்டி2-ஆக இருந்த சின்த்தின் இடத்தில், கணினி மாறிய பிறகு விஎஸ்டி3 தானாகவே வந்து உட்காரும் என்று நம்ப முடியாது. ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கோ ஏயூ என்ற ப்ளகின் வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்ட்டோடு ஒன்று என 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, மிடி (வாசித்த நோட்டுகளின் பதிவு), ப்ரீசெட் கோப்புகள், ப்ளகின் பதிப்பு எண் ஆகியவற்றோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.