மலையேறும் டிரெய்லருக்கு எது பொருந்தும்: பெட்ரோலா, டீசலா?

அமெரிக்காவில் கனமான டிரெய்லரை மாநிலம் விட்டு மாநிலம் இழுத்துச் செல்வதற்காகப் பிக்கப் டிரக் வாங்குபவர், வேறு எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் எஞ்சினைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஃபோர்டு, செவ்ரோலே, ராம் ஆகிய மூன்று நிறுவனங்களின் கனரக பிக்கப்களிலும் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் கேட்டால் விலை ஏறத்தாழ 10,000 டாலர் கூடுகிறது. அந்தப் பணத்தை எரிபொருள் சிக்கனத்தில் மீட்டுவிடலாம் என்று நம்பியே பலர் டீசலை நாடுகிறார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு தேறுவதில்லை. டீசலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அது உயரமான மலைப்பாதைகளில் செல்பவருக்கும், மிகக் கனமான டிரெய்லர் வைத்திருப்பவருக்கும் மட்டுமே உரிய காரணம் என்பது என் முடிவு.

முதலில் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சின் 430 குதிரைத்திறனும் 485 பவுண்ட்-அடி முறுக்குவிசையும் தருகிறது. அதே வண்டியின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் 475 குதிரைத்திறனும் 1,050 பவுண்ட்-அடியும் தருகிறது. செவ்ரோலேயின் 6.6 லிட்டர் பெட்ரோலுக்கு 401 குதிரைத்திறன், 464 பவுண்ட்-அடி. 2024 முதல் வரும் டியூராமேக்ஸ் டீசலுக்கு 470 குதிரைத்திறன், 975 பவுண்ட்-அடி. ராமின் கம்மின்ஸ் டீசல் 2025 மாதிரியில் 430 குதிரைத்திறனையும் 1,075 பவுண்ட்-அடியையும் எட்டியது. குதிரைத்திறனில் இரு தரப்புக்கும் இடைவெளி பெரிதில்லை. முறுக்குவிசையிலோ டீசல் இரண்டு மடங்குக்கும் மேலே நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்த விசை எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பது. பவர் ஸ்ட்ரோக் தன் முழு முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே கொடுத்துவிடுகிறது, 7.3 பெட்ரோலுக்கு அதற்கு 4,000 சுழற்சி வேண்டும். எனவே நெடுஞ்சாலையில் ஒரு மேம்பாலம் குறுக்கிட்டால்கூட பெட்ரோல் வண்டி இரண்டு கியர் இறங்கி இரைச்சலிடும்; டீசல் வண்டி கியர் மாறாமலே ஏறிவிடும். அந்த இரைச்சல் எஞ்சினுக்குக் கேடு என்று அஞ்சத் தேவையில்லை, ஏனெனில் இந்த எஞ்சின்கள் உயர் சுழற்சியில் நெடுநேரம் உழைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அந்த ஓசையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது களைப்பைத் தரும் என்பதை மறுக்க முடியாது.

இனி மலை. கடல்மட்டத்தில் சொல்லப்படும் குதிரைத்திறன் உயரத்தில் அப்படியே நிற்பதில்லை. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவி, இல்லாத எஞ்சின் (மேலே சொன்ன பெட்ரோல் எஞ்சின்கள் இவ்வகை) ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது, ஏனெனில் மெலிந்த காற்றில் எரிவதற்கான ஆக்சிஜன் குறைகிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அதன் மேற்குப் பக்கம் சில்வர்த்தோர்னிலிருந்து சுமார் 8 மைல் தூரம் 7 சதவீதம் வரையிலான சரிவு. அங்கே 430 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சினிடம் மிஞ்சுவது ஏறத்தாழ 290தான். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 7 சதவீதச் சரிவில் மணிக்கு 55 மைல் வேகத்தில் மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 205 குதிரைத்திறன் செலவாகிறது; காற்றின் எதிர்ப்பு, டயர்களின் உருளல் தடை, கியர்ப்பெட்டி இழப்பு ஆகியவற்றையும் கூட்டினால் தேவை 300-ஐத் தாண்டிவிடும். ஆகவே பெட்ரோல் வண்டி உச்சச் சுழற்சியில் கதறியபடி 45 மைலுக்கும் 50 மைலுக்கும் இடையில் ஏறும். டீசலுக்கு இந்த இழப்பு பெருமளவு இல்லை. டர்போ மெலிந்த காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் அனுப்புவதால் அது வேகம் குன்றாமல் ஏறிவிடுகிறது.

விற்பனையாளர் காட்டும் இழுவைத்திறன் பட்டியலில் இந்த வேறுபாடு வெளிப்படாது என்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் பின்பற்றும், இழுவைத்திறனை அளப்பதற்கான எஸ்ஏஇ ஜே2807 விதியின் ஏற்றச் சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணை அருகே, 68-ஆம் நெடுஞ்சாலையின் 11.4 மைல் ஏற்றத்தை அளவுகோலாகக் கொண்டது. 100 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள சாதாரண வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏறிக்காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தச் சாலை சுமார் 550 அடி உயரத்தில் தொடங்கி 3,500 அடிக்கு அருகில் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் எங்கே மூச்சு வாங்குமோ அந்த உயரத்தை அது தொடுவதே இல்லை. ராக்கி மலைத்தொடருக்குப் போகிறவர் பெட்ரோல் வண்டியின் இழுவை எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அதில் கணிசமான இடைவெளி விட்டே டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். மெதுவாக ஏறுவதால் நேரம்தான் போகும். இறக்கத்தில் பிரேக் சூடேறிச் செயலிழந்தால் உயிர் போகும். இன்றைய டீசல் பிக்கப்களில் டர்போவின் நகரும் இதழ்கள் புகைவழியைக் குறுக்கி, பிஸ்டன்களுக்கு எதிராக அழுத்தத்தை உண்டாக்கி, வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன. இந்தப் புகைபோக்கி பிரேக்கை ஒரு பொத்தானால் இயக்கிவிட்டால், பெரும்பாலான இறக்கங்களில் கால் பிரேக் மிதியைத் தேடிப் போவதே அரிதாகிவிடும். பெட்ரோல் எஞ்சினுக்கும் தடுக்கும் ஆற்றல் உண்டு. அதன் காற்றுவழி மூடிக்கொள்ளும்போது எழும் வெற்றிடமும் உயர் சுழற்சியும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கின்றன. டோ-ஹால் எனப்படும், டிரெய்லர் இழுப்பதற்கான நிலையில் இன்றைய பத்து கியர் பெட்டிகள் தாமே கியர் இறக்கி இதைத் திறமையாகவே செய்கின்றன. ஆயினும் 8,000 பவுண்டு டிரெய்லருக்குப் போதுமான அந்தத் தடுப்பு, 14,000 பவுண்டு டிரெய்லருக்குப் போதாது. ஓட்டுநர் விட்டுவிட்டுப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் டிரெய்லரின் சொந்தப் பிரேக்குகள் சரியாக இருக்க வேண்டும் என்பது இதற்கெல்லாம் முந்திய விதி.

எரிபொருள் கணக்குக்கு வருவோம். ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ 13 முதல் 15 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. அழுத்த விகிதமும் அதிகம் என்பதால் டீசல் எஞ்சின் அதே வேலையைக் குறைந்த எரிபொருளில் முடிக்கிறது. கனரக பிக்கப்களுக்கு அரசின் மைலேஜ் சான்று கட்டாயமில்லாததால் விலைச்சீட்டில் அந்த எண்ணைத் தேடிப் பயனில்லை. உயரமான டிரெய்லரை இழுக்கும்போது பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல் அளவிலும், டீசல் 11 மைல் அளவிலும் கொடுக்கும் என்று கொள்வது நடைமுறைக்கு நெருக்கமான மதிப்பீடு. ஆண்டுக்கு 10,000 மைல் இழுக்கிற ஒருவருக்குப் பெட்ரோல் 1,250 கேலனும் டீசல் 909 கேலனும் தேவைப்படும். பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று வைத்துக் கணக்கிட்டால் செலவு முறையே 4,000 டாலர், 3,454 டாலர். டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனியாக நிரப்ப வேண்டிய யூரியா கரைசலுக்கு 100 டாலரைக் கழித்தால் ஆண்டு மிச்சம் சுமார் 450 டாலர். கூடுதலாகக் கொடுத்த 10,000 டாலரை மீட்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2022 நவம்பரில் நடந்ததுபோல டீசல் விலை பெட்ரோலை வெகுவாக மிஞ்சினால் அந்த மிச்சமும் கரைந்துபோகும். மறுவிற்பனையில் டீசல் வண்டி கொடுத்த கூடுதல் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது உண்மை; அப்படியும் சிக்கனத்துக்காக டீசல் என்ற வாதம் நிற்காது.

எரிபொருள் சிக்கனத்தால் கிடைக்கும் வேறொரு வசதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செவ்ரோலே கனரக பிக்கப்பின் 36 கேலன் தொட்டியைக் கொண்டு பெட்ரோல் வண்டி டிரெய்லரோடு 290 மைல் போகும் என்றால், டீசல் 390 மைலைத் தாண்டும். நெவாடா, வயோமிங் போன்ற ஆளரவமற்ற மாநிலங்களில் இந்த நூறு மைல் நிம்மதி தருவது. மேலும் டீசல் வண்டி, லவ்ஸ், பைலட் போன்ற நெடுஞ்சாலை நிலையங்களில் லாரிகளுக்கான அகன்ற தடத்திலேயே நிரப்பிக்கொண்டு நேராக வெளியேறலாம். பெட்ரோல் வண்டிக்காரர் ஐம்பது அடி நீளமுள்ள தொடரை கார்களுக்கு நடுவே, தாழ்ந்த கூரைக்கடியில், குறுகிய திருப்பங்களில் நுழைக்க வேண்டும்.

டீசலின் மறுபக்கம் அதன் புகைச் சுத்திகரிப்பு அமைப்பு. 2007 விதிகளோடு கரித்துகள் வடிகட்டியும், 2010-ஐ ஒட்டி யூரியா கரைசலும் பிக்கப்களுக்கு வந்தன. 32.5 சதவீத யூரியா கலந்த அந்தக் கரைசல் 12 டிகிரி பாரன்ஹீட்டில் உறைந்துவிடும் என்பதால் அதற்கெனத் தனி வெப்பமூட்டி, பம்பு, உணரிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானாலும் வண்டியின் கணினி படிப்படியாக வேகத்தைக் கட்டுப்படுத்தி, சில வண்டிகளில் மணிக்கு 5 மைல் வரை இறக்கிவிடும். விடுமுறை நடுவே, குடும்பத்தோடு, ஊரே இல்லாத சாலையில் இது நிகழ்வது எவ்வளவு கொடுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாரம் முழுக்கப் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் டீசலில் கரித்துகள் வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளப் போதிய வெப்பம் கிடைக்காமல் அடைபடும். வருடத்தில் மூன்று வாரம் டிரெய்லரும் மீதி நாட்கள் உள்ளூர் ஓட்டமும் என்பவருக்கு டீசல் தவறான தேர்வு.

உயரழுத்த எரிபொருள் பம்பு இன்னொரு கவலை. 2011 முதல் ஃபோர்டு டீசலிலும், 2011-16 டியூராமேக்ஸிலும், 2019-20 கம்மின்ஸிலும் இடம்பெற்ற பாஷ் சிபி4 வகைப் பம்பு உள்ளேயே தேய்ந்து உடைந்தால், உலோகத் துகள்கள் எரிபொருள் அமைப்பு முழுவதும் பரவிவிடுகின்றன. பழுதுபார்க்கும் செலவு 10,000 டாலரை நெருங்கும். அமெரிக்க டீசலின் வழுவழுப்புத் தரம் ஐரோப்பியத் தரத்தைவிடத் தளர்வானது என்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. ராம் 2021-இல் 2 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய, உறுதியான சிபி3 பம்பைப் பொருத்த முன்வந்தது. டியூராமேக்ஸ் 2017-இலேயே டென்சோ பம்புக்கு மாறியது. பெட்ரோல் எஞ்சின்களும் குறையற்றவை அல்ல. ராமின் ஹெமி வி8 பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும் தேயும் சிக்கலைப் பலர் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் அத்தகைய பழுதை ஏறத்தாழ எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்ய முடியும். டீசலின் எரிபொருள் அமைப்பைத் தொடுவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். வழக்கமான பராமரிப்பிலும் 7.3 பெட்ரோலுக்கு 8 குவார்ட் எண்ணெய் போதும். கம்மின்ஸுக்கு 12 குவார்ட், அதோடு எரிபொருள் வடிகட்டிகள் வேறு. மறுபுறம், ஃபோர்டு, செவ்ரோலே வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்றிருக்கும் உத்தரவாதம் டீசலுக்கு 1,00,000 மைல் வரை நீள்கிறது.

கடைசியாக, விற்பனை நிலையத்தில் யாரும் எடுத்துச் சொல்லாத எடைக் கணக்கு. முக்கால் டன் எனப்படும் 2500, எஃப்-250 வகை வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு (வண்டியும் அதன் மேல் ஏறும் சுமையும் சேர்ந்து) 10,000 பவுண்டை ஒட்டியே வைக்கப்படுகிறது. டீசல் எஞ்சினும் அதன் துணைப் பாகங்களும் பெட்ரோலைவிட 600 பவுண்டுக்கும் மேல் கூடுதல் எடை என்பதால், அந்த எடை அப்படியே சுமக்கும் அளவிலிருந்து கழிகிறது. வசதிகள் நிறைந்த பல டீசல் மாதிரிகளின் ஓட்டுநர் கதவுத்தாளில் 2,000 பவுண்டுக்குச் சற்று மேலான சுமை வரம்பைத்தான் காணலாம். டிரக்கின் பின்தளத்தில் ஏறி அமரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் 20 முதல் 25 சதவீதத்தை வண்டியின் மேல் இறக்குகிறது. 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால் குறைந்தது 2,400 பவுண்டு. இணைப்புக் கருவி, பயணிகள், நாய், பெட்டிகள் எல்லாம் அதற்கு மேல். இழுக்கும் ஆற்றல் தாராளமாக இருந்தும் சுமக்க அனுமதியில்லாத வண்டியாக முக்கால் டன் டீசல் ஆகிவிடுவது இப்படித்தான். அந்த நிலையில் ஒரு டன் எனப்படும் 3500, எஃப்-350 வகைக்குப் போவதே சரி. விலை வித்தியாசம் எஞ்சின் மாற்றத்தைவிட மிகக் குறைவு.

எனவே என் பரிந்துரை டிரெய்லரிலிருந்து தொடங்குகிறது. 7,000 பவுண்டுக்குள் இருக்கும் பயண டிரெய்லருக்குக் கனரக வண்டியே தேவைப்படாமல் போகலாம். ஃபோர்டு எஃப்-150-இன் 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல், 3,100 சுழற்சியில் 500 பவுண்ட்-அடி கொடுப்பதால் உயரத்திலும் தளராது. 10,000 பவுண்டு வரை, அப்பலாச்சிய மலைகள், டெக்சாஸ், ஃபுளோரிடா என்று 3,000 அடி அளவுக்குள் சுற்றுபவருக்குப் பெட்ரோல் கனரக வண்டியே போதும். மிச்சமாகும் 10,000 டாலரை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் பல ஆண்டு எரிபொருளுக்கும் செலவிடலாம். 12,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலோடு ஆண்டுதோறும் மேற்கு மலைகளைக் கடப்பவர், அல்லது டிரெய்லரிலேயே வாழ்பவர், ஒரு டன் டீசலைத் தயங்காமல் வாங்கலாம். இடையில் இருப்பவருக்கு ஒரு டன் பெட்ரோல் என்ற வழி இருக்கிறது. அதிகம் பேசப்படாத அந்தச் சேர்க்கை, நிறையச் சுமக்கும், எளிதில் பழுதுபார்க்கப்படும், மலையில் மட்டும் மெதுவாகப் போகும்.

பழைய டீசல் வாங்குபவர்கள் பராமரிப்புச் சீட்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். புகைச் சுத்திகரிப்புக் கருவிகள் கழற்றப்பட்ட வண்டியாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் அது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தை மீறிய வண்டி, புகைச் சோதனை உள்ள மாநிலங்களில் அதைப் பதிவு செய்ய முடியாமல் போகலாம், திரும்பப் பொருத்தும் செலவோ ஆயிரக்கணக்கான டாலர்கள்.