உள்நாட்டு வீடியோ செயலி: கருவாட்டுக்கு ஓகே, செய்திக்கு வேண்டாம்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்த பிறகு, 'நம்ம நாட்டுத் தயாரிப்பு' என்று விளம்பரம் செய்த ஒரு செயலிக்கு மாறினேன். பாம்பனில் கருவாடு விற்கிறேன். சிக்னல் சுமாராக இருந்தாலும் வீடியோ சட்டென்று ஏறுகிறது. நெத்திலி கேட்டு மதுரையிலிருந்துகூட ஆர்டர் வருகிறது.

தேர்தல் நெருங்கினால்தான் தொல்லை. மீன் வீடியோக்கள் காணாமல் போய், கச்சத்தீவாக வந்து கொட்டுகிறது. அந்தத் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்துக்கு ஆளுக்கொரு கதை. ஒன்றில் அந்தத் தீவில் நீச்சல் குளத்தோடு ரிசார்ட்! அங்கே நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போய் வந்த ஊர்க்காரர்களிடமே இதைக் காட்டுகிறார்கள். யார் காசு கொடுத்துப் போட்டது என்று ஒரு வரி கிடையாது. 'விருப்பமில்லை' என்று அழுத்தினாலும் திரும்ப வருகிறது.

சீன நிறுவனம் பிரச்சாரம் செய்யும் என்று அமெரிக்காவும் பயந்தது. டிக்டாக்கை அதன் சீன முதலாளியான பைட்டான்ஸ் விற்க வேண்டும், இல்லாவிட்டால் தடை என்று 2024-இல் சட்டமே போட்டார்கள். சரி, இங்கே முதலாளி நம்மாள்தான். எந்த வீடியோவை மேலே தள்ளுவது என்று முடிவெடுப்பது யார் என்பதை இவர்களும் சொல்வதில்லையே?

வியாபாரத்துக்காக வைத்திருக்கிறேன். அம்மாவின் போனில் இருந்து எடுத்துவிட்டேன். ஐந்துக்கு இரண்டரை.