பேனா வைப்ரேஷன் மீட்டர்: சேகோ மில்லுக்குப் போதுமா?

லாரியில் வந்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அரவை மோட்டார் பேரிங் பிடித்துக்கொண்டால் நஷ்டம் பேரிங் விலையோடு நிற்காது. அதனால் சேலம் பக்க சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு, மோட்டார் அதிர்வை அளக்கும் இந்தக் கையடக்கக் கருவி வாங்கத் தகுந்ததே. ஆனால் அளக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்.

பேரிங் ஹவுசிங்கில் பெயின்ட்டைச் சுரண்டி, சென்டர் பஞ்ச் உளியால் அளக்கும் புள்ளியைக் குத்திக்கொள்ளுங்கள். கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்ட் திசை என மூன்றும், வாரம் ஒருமுறை, அதே லோடில். ஃபேன் கவரில் வைத்து அளப்பது வீண் வேலை; தகரம் தனியாக ஆடும்.

ஐஎஸ்ஓ 10816-1 என்ற பழைய அதிர்வுத் தரநிலையின் (2016-ல் இதற்குப் பதில் ஐஎஸ்ஓ 20816-1 வந்துவிட்டது) கணக்கில் 15 முதல் 75 கிலோவாட் வரையுள்ள மோட்டாருக்கு அதிர்வு வேகம் வினாடிக்கு 2.8 மி.மீ. வரை கவலையில்லை, 7.1-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். எண்ணை விட ஏற்றமே முக்கியம். 1.2-ல் ஓடியது 2.4 ஆனால் அந்த வாரமே திறந்து பாருங்கள்.

குறை? அதிர்வு வேக அளவு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பேரிங்கின் ஆரம்பச் சேதம் அதற்கு மேலேதான் தெரியும். முடுக்கத்தை (acceleration) அளக்கும் மோடு இல்லாத மாடலை வாங்காதீர்கள். பேலன்ஸ் கோளாறா, அலைன்மென்ட் கோளாறா என்றும் இது பிரித்துச் சொல்லாது. அதற்கு, அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் வேண்டும்: முன்னது சுற்று வேகத்திலேயே எகிறும், பின்னது பெரும்பாலும் இரு மடங்கில். வைப்ரேஷன் ஏறியதும் கிரீஸை அள்ளித் திணிப்பது தனி வியாதி. பேரிங் சூடேறிச் சீக்கிரம் போகும்.

ஸ்டார்ச் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மீட்டரை உறையோடு வையுங்கள்.