செவியாவில் தபாஸ் சாப்பிடப் போகிறீர்களா? அளவைச் சொல்லாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்

ஸ்பெயினுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், முக்கியமாகச் சைவம் சாப்பிடும் அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள், இதை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். நான் மூன்று வருடமாக மாட்ரிட்டில் வேலை பார்க்கிறேன். ஸ்பானிஷ் ஓரளவு நன்றாகவே பேசுவேன். அப்படியிருந்தும் போன செப்டம்பரில் செவியாவில் ஓர் உணவகத்தில் நாலு பேர் சாப்பிட்டதற்கு 147 யூரோ 95 சென்ட் பில் நீட்டினார்கள். அந்தக் காசுகூட எனக்குப் பெரிதில்லை. அறுபத்து நாலு வயது வரை முட்டைகூடத் தொடாத என் அம்மா பன்றி இறைச்சியை வாயில் வைக்கும்படி ஆகிவிட்டது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து முதல் தடவையாக வந்திருந்தார்கள். மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் செவியா. அன்று முழுக்க நடைதான். செவியா கதீட்ரலின் மணிக்கூண்டான ஹிரால்டா கோபுரத்துக்குள் மேலே போவதற்குப் படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள், மொத்தம் 35 சரிவுகள். முட்டி வலியோடு அம்மாவும் ஏறிவிட்டார். இறங்கி வரும்போது ஆறரை மணி, எல்லோருக்கும் நல்ல பசி.

ஸ்பெயினில் ஆறரை மணிக்குச் சமையலறை திறந்திருக்காது. ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவது எட்டரை, ஒன்பதுக்கு மேல்தான். அந்த நேரத்தில் அடுப்பு எரிகிறது என்றால் அந்தக் கடை யாரை நம்பி நடக்கிறது என்பது இங்கே வசிக்கிற எனக்குத் தெரியும். ஆனாலும் வயதான இரண்டு பேரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்க மனம் வரவில்லை. சாந்தா குரூஸ் பகுதியின் சந்துகளில் ஒன்றில், ஆரஞ்சு மரத்தடியில் மேசை போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். வாசலில் கரும்பலகை: 'தபாஸ் 3,90', அதாவது 3.90 யூரோ. கதீட்ரலை ஒட்டிய இடத்துக்கு இந்த விலை பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், மோசடியே இதில்தான் இருக்கிறது. செவியாவில் ஒரே பண்டத்தை மூன்று அளவில் கொடுப்பார்கள். தபா என்றால் சின்னத் தட்டு, ஒரு ஆள் நாலு வாய் சாப்பிடும் அளவு. அதற்கு மேலே மெதியா ரசியோன், அரைத் தட்டு. அதற்கும் மேலே ரசியோன், முழுத் தட்டு. ஒழுங்கான கடையின் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே மூன்று விலையும் வரிசையாக இருக்கும். வெளியே மேசையில் உட்கார்ந்தால் சின்னத் தட்டு கிடையாது, ரசியோன் மட்டும்தான் என்று வைத்திருக்கும் கடைகளும் உண்டு. முன்கூட்டியே தெரியும்படி எழுதிப் போட்டிருந்தால் அதில் தப்பில்லை. எங்களுக்குக் கொடுத்த மெனுவில் அப்படி ஒரு வரிகூட இல்லை. தபாஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் விரல் வைத்து ஆறு பண்டம் காட்டினேன். வெயிட்டர் "பாரா கொம்பார்த்திர்?" என்று கேட்டார். பங்கிட்டுச் சாப்பிடத்தானே என்று அர்த்தம். நடுவில் வைக்கவா என்று கேட்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றேன். அந்த ஒரு 'ஆமாம்' ஆறு தபாவை ஆறு ரசியோனாக்கிவிட்டது.

நானும் கணவரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் சங்ரியா, அதாவது பழம் போட்ட ஒயின் பானம், கேட்டோம். வந்தது ஒன்றரை லிட்டர் ஜாடி. திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன், ஊற்றிவிட்டோமே என்றார். ஜாடியில் பாதிக்கு மேல் ஐஸ். மேலே இரண்டு ஆரஞ்சுத் துண்டு. கை கழுவ உள்ளே போனபோது பார் மேடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டியின் மூலையை வெட்டி அடுத்த ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்மார்க்கெட்டில் லிட்டர் இரண்டு யூரோ அளவில் கிடைக்கிற அதே சரக்கு. சட்டப்படி அதுவும் சங்ரியாதான். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் போட்ட விதிப்படி, வெறும் சங்ரியா என்ற பெயரில் விற்க அது ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ தயாரானதாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 4.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 12ஐத் தொடக் கூடாது. ஒயினில் பழத்தைக் கையால் நறுக்கிப் போட்டு ஊறவைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆகவே பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். இங்கே என்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாரும் உணவகத்தில் சங்ரியா கேட்டு நான் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் அவர்கள் கேட்பது தின்தோ தே வெரானோ. சிவப்பு ஒயினும் சோடாவும் ஐஸும், அவ்வளவுதான். கிளாஸ் கணக்கில் வரும், விலையும் குறைவு.

இனி அம்மா விஷயம்.

ஆர்டர் கொடுக்கும்போதே அம்மாவைக் காட்டி, இவர் கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார் என்று சொன்னேன். அவருக்காக மூன்று பண்டம். கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரை, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கீரை வைத்த குரோக்கேத்தா. குரோக்கேத்தா என்றால் கெட்டியான பால் மாவுக் கலவையை உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. பெரும்பாலும் முட்டையிலும் தோய்ப்பார்கள், அதனால் முட்டை இல்லாமல் இருக்கிறதா என்றும் தனியாகக் கேட்டேன். "சின் ஹமோன், சின் வெவோ?" "சி, சி" என்றார். ஹமோன் என்கிற உலர்த்திய பன்றித்தொடை இல்லை, முட்டை இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்மா ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். மென்றுகொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கையில் இருந்த மிச்சப் பாதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் கலவைக்குள் இளஞ்சிவப்பில் பொடிப்பொடியாகச் சதுரத் துண்டுகள். "இது என்னம்மா, சிவப்பா இருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. காகிதத் துண்டை எடுத்து, வாயில் இருந்ததை அதில் துப்பி, மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி விடு, தெரியாமத்தானே" என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

வெயிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது கறி இல்லை, ஹமோன்" என்றார். ஸ்பெயினில் 'கார்னே' என்ற சொல்லைப் பலர் மாட்டுக்கறி, பச்சை இறைச்சி என்ற அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உலர்த்திய பன்றித்தொடையும் சூரை மீனும் அவர்கள் கணக்கில் வேறு. கறி வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் ஹமோன் என்று பெயர் சொல்லியே கேட்டேன். புரியாமல் நடந்த தவறு என்று இதை நான் ஏற்கவே மாட்டேன். பின்னால் வந்த பில்லில் 'குரோக்கேத்தாஸ் ஹமோன்' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கீரை தீர்ந்துபோயிருக்கலாம். தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வாங்கியிருப்போம்.

மெனுவில் சின்னச் சின்னப் படம் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி உணவகங்கள் தெரிவிக்க வேண்டியது ஒவ்வாமை தரும் 14 பொருள்களை. மீன், இறால், முட்டை, பால் அதில் உண்டு. பன்றியும் மாடும் அந்தப் பட்டியலில் இல்லை. சல்மோரேஹோ என்ற தக்காளிக் குளிர் சூப்பின் மேல் ஹமோனும் முட்டையும் தூவித்தான் தருவார்கள். கலவை சாலட் கேட்டால் சூரை மீன் வரும். உருளைக்கிழங்கு சாலட்டிலும் அதே. வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "சின் ஹமோன், சின் அத்தூன், சின் வெவோ". ஹமோன் வேண்டாம், சூரை வேண்டாம், முட்டை வேண்டாம். தட்டு வந்ததும் பெரியவர்கள் கை வைக்கும் முன் நீங்கள் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நான் அன்று செய்யாதது அதுதான்.

பில் வந்தது. ஆறு ரசியோன் 87 யூரோ. சங்ரியா ஜாடி 26. கேட்காமலே வைத்த ரொட்டி, ஆளுக்கு 2.50 வீதம் 10. கேட்காமலே வைத்த ஆலிவ் 4.50. தண்ணீர் பாட்டில் இரண்டு, 7. கடைசியில் பத்து சதவீதம் என்று ஒரு வரி, 13.45. அது என்ன என்று கேட்டதற்கு வரி என்றார் வெயிட்டர். பொய். ஸ்பெயினில் உணவகத்துக்கு 10 சதவீத வரி உண்டு, ஆனால் மெனுவில் போடும் விலை வரியும் சேர்ந்த விலையாகத்தான் இருக்க வேண்டும். பில்லின் அடியிலேயே 'வரி உட்பட' என்று அச்சடித்திருந்தது. உண்மையில் அது வெளி மேசைக்கான கூடுதல் கட்டணம், மெனுவில் எங்குமே சொல்லாதது. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் கேட்டேன், இங்கே கொடுப்பதில்லை என்றார்கள். 2022இல் வந்த கழிவுச் சட்டப்படி (எண் 7/2022) உணவகங்கள் கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும்.

மேலாளர் வந்தார். மேசையில் இருந்ததெல்லாம் சாப்பிட்டாயிற்றே என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. "ஓஹா தே ரெக்லமாசியோனெஸ் கொடுங்கள்" என்றேன். இந்த மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புகார்ப் படிவம் என்று அர்த்தம். செவியா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் ஒவ்வொரு கடையும் அதை வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கிறோம் என்று கண்ணில் படும்படி அறிவிப்பும் ஒட்ட வேண்டும். கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், சாப்பிட்டதற்குக் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். முதலில் படிவம் தீர்ந்துவிட்டது என்றார். சரி, 092க்குப் போன் செய்கிறேன், நகரப் போலீஸ் வந்து எழுதிக்கொள்ளட்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். இரண்டே நிமிடத்தில் படிவம் வந்தது.

நான் எழுத ஆரம்பித்ததும் பில்லும் இறங்கியது. பத்து சதவீதம் போயிற்று. ரொட்டி, ஆலிவ், குரோக்கேத்தா போயிற்று. 105 யூரோவில் நின்றது. ரசியோன் விலையை மட்டும் அவர் விடவே இல்லை. தபா என்ற சொல்லை நான் என் வாயால் சொல்லவில்லை, விரலால்தான் காட்டினேன். அதற்குச் சாட்சி இல்லை. அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன். "ஊனா தபா தே..." என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் சொல்லுங்கள், வெயிட்டர் திருப்பிச் சொல்லும் வரை விடாதீர்கள்.

அப்பா "நான் கொடுக்கிறேன்" என்று தன் இந்தியக் கார்டை நீட்டினார். மெஷினில் இரண்டு கட்டம் வந்தது, ஒன்று யூரோ, இன்னொன்று ரூபாய். வெயிட்டரின் கட்டைவிரல் ரூபாய்ப் பக்கம் போனது. நான் கையை நீட்டித் தடுத்தேன். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின் பக்கத்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள், பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். யூரோவை நீங்களே அழுத்துங்கள், கார்டை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

அன்று இரவு அம்மா எதுவும் சாப்பிடவில்லை. விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு, கொண்டு வந்திருந்த விபூதியைப் பூசிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் பாலத்தைத் தாண்டித் திரியானா பக்கம் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன பார், ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம். அம்மாவுக்கு என்னென்ன ஆகாது என்று சொன்னேன். மேடைக்குப் பின்னால் இருந்த பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீரைக் கடலை தரலாம், அதில் எண்ணெயும் பூண்டும் சீரகமும்தான். கத்தரிக்காய் வேண்டாம், மீன் பொரிக்கிற எண்ணெயிலேயே அதையும் போடுகிறேன்" என்றார். நான் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை. அம்மா முதல் வாயைத் தயங்கித்தான் எடுத்தார். சீரக வாசனை வந்ததும் "நம்ம வீட்டுக் கூட்டு மாதிரி இருக்கே" என்று இன்னொரு தபா வாங்கச் சொன்னார். பெரியவர் ஒவ்வொன்றையும் எங்கள் கண் முன்னாலேயே மர மேடையில் சாக்பீஸால் எழுதி, கடைசியில் கூட்டினார். நாலு பேருக்கு 23 யூரோ.

புகார்ப் படிவத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. கடை பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தரவில்லை. பில்லின் நகலையும், 'ஹமோன்' என்று அச்சான வரியை வட்டமிட்ட படத்தையும் சேர்த்து செவியா மாநகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.